படையில் காயம்பட்டு வந்த தம்பிக்கு மத்திய அரசு வேலை தேட எங்கிருந்து தொடங்குவது?

6 வருஷ சர்வீஸிலேயே காயம்பட்டு வந்துவிட்டான், 15 வருஷம் முடிக்காததால் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு கிடையாது என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். பணி காரணமான உடல்நிலையால் விடுவிக்கப்பட்டு டிஸெபிலிட்டி பென்ஷன் (ஊனத்துக்கான ஓய்வூதியம்) வாங்குபவரும் மத்திய அரசு விதிப்படி முன்னாள் படைவீரர்தான், எத்தனை வருஷம் இருந்தார் என்பது இதில் தடையே இல்லை.

என் மாமா மகனும் படையில் காயம்பட்டு வந்தவன்தான், ஒதுக்கீடு கிடையாது என்றே நம்பி இரண்டு வருஷம் எதற்கும் விண்ணப்பிக்காமல் இருந்தான். ஒருநாள் அவனுடைய டிஸ்சார்ஜ் புக்கையும் (படையிலிருந்து விடுவித்தபோது தந்த புத்தகம்) ராணுவ மருத்துவக் குழு தந்த மெடிக்கல் போர்டு தாளையும் எடுத்து வரிவரியாகப் படித்தோம். காயம் பணியால் நேர்ந்தது என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த வரியைத்தான் நீங்களும் முதலில் தேட வேண்டும். அதில் குழப்பம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள்.

மத்திய அரசில் கிளார்க் போன்ற குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. வயதில் சர்வீஸ் காலத்தைக் கழித்துக்கொள்ளலாம், மீதி வருவது அந்தப் பணியின் உச்ச வயது வரம்பை 3 வருஷம் வரை தாண்டினாலும் பரவாயில்லை, அதனால் 34 வயதில் 6 வருஷ சர்வீஸ் உள்ளவருக்குக் கணக்கில் 28தான். ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 2016 சட்டத்தின் 4 சதவீத மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டுக்கும் வழி இருக்கிறது, ஆனால் அதற்கு ராணுவ மெடிக்கல் போர்டு தாள் போதாது, அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும்.

அப்புறம் விண்ணப்பம். அனுபவம் என்ற இடத்தில் என் மாமா மகன் "சிப்பாய்" என்று ஒரே சொல் எழுதி வைத்திருந்தான். படையில் ஸ்டோரில் இருந்தாயே, அங்கே என்னதான் செய்தாய் என்று துருவிக் கேட்ட பிறகுதான், வயர்லெஸ் செட்டும் பேட்டரியும் வரவு வைத்து, பழுதானதைப் பிரித்து, மாதாமாதம் இருப்புச் சரிபார்த்த கதையெல்லாம் வந்தது. இது ஸ்டோர் கீப்பர் வேலையேதான்! அவனுக்கு அது அனுபவமாகவே தோன்றவில்லை, கால் இழந்தவனுக்கு யார் வேலை தருவார்கள் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறிப்போயிருந்தது. தம்பியோடு உட்கார்ந்து பேசிப் பேசித்தான் இதை எழுத வேண்டியிருக்கும், அவசரப்படுத்தாதீர்கள்.

இன்னொன்று, பலர் இதில் கோட்டை விடுகிறார்கள். முதல் அரசு வேலையில் சேர்ந்ததும் இந்த ஒதுக்கீட்டுச் சலுகை முடிந்துவிடும். சேர்வதற்கு முன் வேறு பணிகளுக்கு விண்ணப்பித்திருந்தால், அவற்றைத் தேதியோடு பட்டியலிட்டு, சேர்ந்த உடனேயே அந்தப் புது அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அப்போதுதான் அந்தப் பணிகளுக்காவது சலுகை கிடைக்கும்.