பணியிடத்தில் தீ: வாசகர் கேள்விகளும் விடைகளும்

கேள்வி: நான் ஒரு தையற்கூடத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் தளத்துக்கு இரண்டு வாசல்கள் உண்டு. துணி களவு போவதால் பின்வாசலைப் பூட்டி, சாவியை மேலாளர் தம்மிடம் வைத்திருக்கிறார். ஆபத்து என்றால் உடனே திறந்துவிடலாம் என்கிறார். இது ஏற்கத்தக்கதா?

பதில்: ஏற்கவே முடியாது. ஆட்கள் உள்ளே இருக்கும் நேரத்தில், சாவியில்லாமல் திறக்க முடியாத வாசலை வாசல் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. உங்கள் மேலாளர் செய்திருப்பதைப் போன்ற ஏற்பாடுதான் 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையிலும் இருந்தது. பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று தளங்களில் அந்தத் தொழிற்சாலை இயங்கியது. எட்டாம் தளத்தில் வெட்டுத்துணிக் குவியலில் பற்றிய தீ மேலே ஏறியபோது, ஒன்பதாம் தளத்தில் இருந்தவர்களுக்கு யாரும் முன்கூட்டியே தகவல் சொல்லவில்லை. வேலை முடிந்து போகிறவர்களின் பைகளைச் சோதிப்பதற்கு வசதியாக எல்லோரையும் ஒரே வழியில் விடுவது அங்கே வழக்கமாதலால், படிக்கட்டுக் கதவுகளில் ஒன்று பூட்டியே கிடந்தது. அதன் சாவியை வைத்திருந்தவர் வேறு வழியாகத் தப்பிவிட்டார். வெளிப்புறத்து இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு வண்டிகளின் ஏணிகள் ஆறாம் தளம் வரைதான் எட்டின. 146 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள்.

மேலாளர் நல்லவரா, பொறுப்பானவரா என்பது இங்கே கேள்வியே அல்ல. அந்த நேரத்தில் அவர் சாப்பிடப் போயிருக்கலாம், விடுப்பில் இருக்கலாம், புகைக்கு அந்தப் பக்கம் சிக்கியிருக்கலாம். களவைத் தடுக்க வேண்டும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் அதற்கு வேறு வழிகள் உண்டு. உள்ளிருந்து குறுக்குக் கம்பியைத் தள்ளினாலே திறந்துகொள்ளும் கதவு, திறந்தவுடன் ஒலிக்கும் மணி, கேமரா, சோதனையைக் கட்டடத்துக்கு வெளியே வாயிற்கதவருகே வைத்துக்கொள்வது ஆகியவற்றில் எது இயலுமோ அதை முன்வைத்து மேலாளரிடம் பேசுங்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதும் முக்கியம். உட்பக்கமாகத் திறக்கும் கதவை, பின்னாலிருந்து நெருக்கும் கூட்டம் இழுக்கவே விடாது. பூட்டை எடுத்த பிறகு ஒரு சோதனை செய்து பாருங்கள்: விளக்கை அணைத்துவிட்டு, கூடத்தில் உள்ளவர்களிலேயே குள்ளமான ஒருவர் ஒற்றைக் கையால் அந்தக் கதவைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். மேல்தாழ்ப்பாள் எட்டாமல் போவதும், கீழ்த்தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருப்பதும், துணி மூட்டைகள் பாதி வழியை அடைத்திருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

கேள்வி: எங்கள் அலுவலகச் சுவர்களில் பல தீயணைப்பான்கள் தொங்குகின்றன. ஆனால் எதை எப்போது எடுப்பது என்று எவருக்கும் தெரியாது. எளிமையாகச் சொல்ல முடியுமா?

பதில்: முதலில் அதன் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். கையில் தூக்கும் தீயணைப்பானில் இருப்பது பெரும்பாலும் 10 முதல் 20 வினாடிகளுக்குள் தீர்ந்துவிடும். குப்பைக்கூடை அளவு தீயை அணைக்க அது போதும். திரைச்சீலையைத் தாண்டிக் கூரையைத் தொட்டுவிட்ட தீக்குப் போதாது. அப்போது செய்ய வேண்டியது வெளியேறிக் கதவைச் சாத்துவது மட்டுமே. சாத்திய கதவு புகையையும் காற்றையும் தடுத்து, மற்றவர்கள் வெளியேற நேரம் வாங்கித் தரும். அதனாலேயே, தானாக மூடிக்கொள்ளும்படி அமைத்த படிக்கட்டுக் கதவுகளைக் காற்றோட்டத்துக்காக ஆப்பு வைத்துத் திறந்து போடுவது பெரும் பிழை.

காகிதம், மரம், துணி எரிந்தால் தண்ணீர் போதும். மின்சாதனத்தில் தீ என்றால் முடிந்தால் முதலில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கார்பன்-டை-ஆக்சைடு உருளையைப் பயன்படுத்தலாம். அதை இயக்கும்போது அதன் புனல் கடுமையாகக் குளிர்ந்து கையைப் புண்ணாக்கும் என்பதால் புனலைப் பிடிக்காதீர்கள், சிறிய மூடிய அறையில் அடித்தபின் உள்ளே நிற்காதீர்கள். பெட்ரோல், தின்னர் போன்றவற்றுக்கு நுரையோ உலர்தூளோ வேண்டும். உணவகச் சமையற்கூடத்தில் கொதிக்கும் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெய்க்கு அடியில் போன தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை அறை முழுதும் வீசியெறியும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுவது, அல்லது அதற்கென்றே உள்ள ஈர வேதிக் கரைசல் அடைத்த தீயணைப்பானைப் பயன்படுத்துவதுதான் முறை.

இயக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே: ஊசியைப் பிடுங்கி, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, பக்கவாட்டில் வீச வேண்டும். உங்கள் முதுகுக்குப் பின்னால் எப்போதும் வாசல் இருக்க வேண்டும். அழுத்தமானி உள்ளவற்றில் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதந்தோறும் பாருங்கள். கார்பன்-டை-ஆக்சைடு உருளையில் பொதுவாக அந்த முள் இருப்பதில்லை. எடை போட்டுத்தான் அறிய முடியும். இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, காலாவதியாகப் போகும் ஓர் உருளையை எறிந்துவிடாமல், பயிற்சியாளர் ஒருவரின் மேற்பார்வையில் திறந்தவெளியில் ஊழியர்கள் இயக்கிப் பார்ப்பது மிகுந்த பயன் தரும் என்பது என் கருத்து.

கேள்வி: அபாய மணி அடித்தால், "உண்மையா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம், அதுவரை வேலையைப் பாருங்கள்" என்கிறார்கள். பொய்மணி அடிக்கடி அடிப்பதால் இப்படி. என்ன செய்யலாம்?

பதில்: 2012 நவம்பர் 24 அன்று வங்கதேசத்தில் டாக்காவை அடுத்த தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் மணி அடித்தபோது, எழுந்த தொழிலாளர்களைத் திரும்பவும் இயந்திரத்தின் முன் உட்காரச் சொன்னார்கள் என்று உயிர் தப்பியவர்கள் கூறினார்கள். அங்கே 110-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மணி அடித்ததும் எழுந்து போவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை, அப்படிப் போனவருக்குச் சம்பளப் பிடித்தமும் இல்லை என்பதை நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். பொய்மணிக்குக் காரணம் பெரும்பாலும் உணர்கருவியில் படிந்த தூசியோ, தேநீர் அடுப்பின் ஆவியோதான். கருவியைத் துடைக்கலாம், இடம் மாற்றலாம். மணியின் இணைப்பைப் பிடுங்கி வைப்பது தீர்வாகாது.

கேள்வி: ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை நடத்துகிறோம். எல்லோரும் பேசிச் சிரித்தபடி முன்வாசல் வழியாக இறங்கி வருகிறார்கள். இதனால் பயன் உண்டா?

பதில்: ஓரளவு உண்டு, ஆனால் இன்னும் நன்றாகச் செய்யலாம். நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் இயங்கிய மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் ரிக் ரெஸ்கார்லா, உயர்பதவியில் இருந்தவர்களின் சலிப்பையும் பொருட்படுத்தாமல், ஊழியர்களைத் திரும்பத் திரும்பப் படிக்கட்டில் இறக்கிப் பழக்கினார். 2001 செப்டம்பர் 11 அன்று பக்கத்துக் கோபுரம் தாக்கப்பட்டதும், இருந்த இடத்திலேயே இருக்கும்படி வந்த அறிவிப்பைப் புறக்கணித்து அவர்களை வெளியேற்றத் தொடங்கினார். அங்கிருந்த சுமார் 2,700 பேரில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள். எஞ்சியவர்களைத் தேடி மேலே சென்ற அவர் திரும்பவில்லை.

பதற்றத்தில் மனிதர்கள் தாம் உள்ளே வந்த வழியையே நாடுவார்கள். ஆகவே அடுத்த ஒத்திகையில் முன்வாசலில் "இங்கே தீ" என்று ஓர் அட்டையை மாட்டி அடைத்துவிடுங்கள். முன்னறிவிப்பின்றி நடத்துங்கள், இரவுப் பணிக்காரர்களையும், துப்புரவுப் பணியாளர்களையும், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் கட்டடத்தை அதிகம் அறியாதவர்கள் அவர்கள்தாம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், காது கேளாதவருக்கும், கருவுற்றவருக்கும் யார் துணை என்பது பெயர் சொல்லி முடிவாகியிருக்க வேண்டும். லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. புகை தென்பட்டால் குனிந்தோ தவழ்ந்தோ நகர வேண்டும். தீயில் இறப்பவர்களில் பலரைக் கொல்வது சுடர் அல்ல, கார்பன் மோனாக்சைடு நிறைந்த புகைதான். வெளியே வந்ததும் வருகைப் பதிவைக் கொண்டு தலை எண்ணுங்கள். ஒருவர் குறைந்தால் அவரைத் தேடி நீங்கள் உள்ளே போகாமல், தீயணைப்பு வீரர்களிடம் அவர் கடைசியாக இருந்த இடத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பட்டறையில் எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுந்ததால், எலக்ட்ரீஷியன் பெரிய அளவுள்ள ஒன்றை மாற்றிவிட்டார். இப்போது விழுவதில்லை, ஆனால் ஒரு பிளக்கின் அருகே இலேசாகக் கருகல் வாடை வருகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: இன்றே அந்த இணைப்பை நிறுத்துங்கள். எம்.சி.பி. விழுந்தது, கம்பி தாங்கக்கூடியதைவிட அதிக மின்னோட்டம் போகிறது என்ற எச்சரிக்கை. கம்பியை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கியதால் அந்த எச்சரிக்கை நின்றதே தவிர, சூடு நிற்கவில்லை. மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். மின்சாரத்தை முற்றிலும் துண்டித்துவிட்டு அந்தப் பிளக்கை உருவிப் பாருங்கள்: ஊசிகளில் ஒன்று நிறம் மாறியிருக்கும், அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருக்கும். தொடர்பு தளர்ந்த இடத்தில் சூடு கூடும், சூடு கூடக்கூடத் தொடர்பு மேலும் தளரும். பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கம்பியின் தடிமனுக்கு ஏற்ற எம்.சி.பி.யைத் திரும்பப் பொருத்தச் சொல்லுங்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டில் இன்னொன்றைச் செருகி நீட்டியிருந்தால், அதற்குப் பதிலாக நிலையான சாக்கெட்டுகளைத் தனிக் கம்பியில் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டறை என்பதால் வெல்டிங்கும் நடக்கும் என எண்ணுகிறேன். பொறிகள் 10 மீட்டருக்கு மேலும் தெறிக்கும் என்பதால், அந்தத் தொலைவுக்குள் உள்ள அட்டைப் பெட்டி, எண்ணெய்த்துணி, தின்னர் டப்பா எல்லாவற்றையும் முதலில் அகற்றுங்கள். அகற்ற இயலாதவற்றைத் தீப்பற்றாத விரிப்பால் மூடுங்கள். வேலை முடிந்த பிறகும் குறைந்தது ஒரு மணி நேரம் ஒருவர் தீயணைப்பானுடன் அங்கேயே இருக்கட்டும். சுவர் இடுக்கில் விழுந்த பொறி, எல்லோரும் வீட்டுக்குப் போன பின்பே புகையத் தொடங்கும். ஆகவே வெல்டிங்கைப் பணி முடியும் தறுவாயில் வைத்துக்கொள்ளாமல் காலையிலேயே முடித்துவிடுங்கள்.