குத்து சரி, கால் எங்கே? நிஜ பாணிக் குத்துச்சண்டை கேம்கள்: கேள்வி பதில்

ஃபைட் நைட் சாம்பியன், அன்டிஸ்பியூட்டட் ஆகிய இரண்டு கேம்களையும் பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வியர்வைத் துளி எவ்வளவு தத்ரூபமாக வழிந்தாலும், வீரரின் கால்கள் தரையில் ஊன்றாவிட்டால் அந்த கேமுக்கு என்னிடம் மதிப்பெண் கிடையாது.

கேள்வி: ஃபைட் நைட் சாம்பியன் 2011-இல் வந்தது. அன்டிஸ்பியூட்டட் முழு வடிவில் வந்தது 2024 அக்டோபரில். இத்தனை ஆண்டுகள் கழித்து வந்த கேம் பழையதைத் தாண்டிவிட்டதா?

பாதி தாண்டியிருக்கிறது. குத்து முகத்தில் இறங்கும் கணத்தை மட்டும் பார்த்தால் ஃபைட் நைட்தான் இன்றும் முன்னே நிற்கிறது. வலது கை தாடையில் பட்டதும் தலை திரும்புகிறது, தோள் பின்வாங்குகிறது, ஒரு கால் தடுமாறுகிறது. கனம் தெரிகிறது. அன்டிஸ்பியூட்டடில் அதே குத்து சில வேளை புகைக்குள் கைவிட்டதைப் போலக் கடந்துபோகிறது. சுற்று முடிந்து கணக்கைப் பார்த்தால்தான் அது பட்டதே தெரிகிறது.

நடமாட்டத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. அன்டிஸ்பியூட்டடில் பாதத்தை ஊன்றி அடிமேல் அடி வைத்தும் நகரலாம், முன்பாதத்தில் துள்ளியபடி சண்டை வளையத்துக்குள் சுற்றியும் வரலாம். இதனால் இடைவெளி என்ற ஒன்று ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. எதிராளியின் ஜாப் (முன்னால் இருக்கும் கையை நேராக நீட்டும் விரைவுக் குத்து) எட்டாத தூரத்தில் நிற்கிறீர்கள். அவர் நீட்டிய கையைத் திரும்ப இழுக்கும் நேரத்தில் அரை அடி உள்ளே நுழைந்து, வலது கையைப் போட்டுவிட்டு, பக்கவாட்டில் விலகுகிறீர்கள். குத்துச்சண்டை என்பதே இந்த அரை அடிக்கான சண்டைதான். ஃபைட் நைட்டில் இரண்டு பேரும் மார்போடு மார்பு நின்று மாறிமாறிக் கொடுத்துக்கொள்வதிலேயே பல ஆட்டங்கள் முடிந்துவிடும். பார்க்க விறுவிறுப்பு, யோசிக்க ஒன்றுமில்லை.

கேள்வி: அறுபதுக்கும் மேற்பட்ட குத்து வகைகள் என்று அன்டிஸ்பியூட்டடுக்கு விளம்பரம் செய்தார்களே, அதனால் பயன் உண்டா?

எண்ணிக்கையில் மயங்காதீர்கள். ஜாப், நேர் வலது, ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வருவது), அப்பர்கட் (கீழிருந்து மேலே வருவது) என்ற நான்கும் கோணமும் வேகமும் மாறி வருவதுதான் மற்ற எல்லாம். ஜாபை மட்டும் வைத்து மூன்று சுற்றுகள் ஆடிப் பாருங்கள். அப்போதும் சுவாரசியமாக இருந்தால் அது நல்ல குத்துச்சண்டை கேம்.

கேள்வி: அண்ணா, முதல் சுற்றிலிருந்தே விடாமல் அடிக்கிறேன். நான்காவது சுற்றில் என் வீரருக்குக் கையைத் தூக்கவே தெம்பு இல்லை. இது கேமின் குறையா?

இல்லை தம்பி, இதுதான் கேமின் நிறை. நிஜ ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) வீரர்கள் ஒரு சுற்றுக்குச் சராசரியாக ஐம்பதுக்கும் குறைவான குத்துகளே வீசுகிறார்கள். நீங்கள் அதைப்போல இரண்டு மடங்கு வீசியிருப்பீர்கள். அதிலும் காற்றில் போன குத்துக்குச் செலவு அதிகம்: நிறுத்த எதிரே ஆள் இல்லாதபோது வீசிய கையை உங்கள் தசையேதான் நிறுத்தவேண்டும்.

1974 அக்டோபரில் கின்ஷாசாவில் முகமது அலி பயன்படுத்திக்கொண்டதும் இந்தக் களைப்பைத்தான். கயிற்றில் சாய்ந்து, கைகளால் முகத்தையும் விலாவையும் மூடிக்கொண்டு, அன்றைய உலக சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனை அடிக்கவிட்டார். ஃபோர்மனின் கைகள் கனத்துப்போனபின், எட்டாவது சுற்றில் ஆட்டத்தை முடித்தார். இந்த உத்தியை எந்த கேமில் செய்து பார்த்து வெல்ல முடிகிறதோ, அதன் களைப்புக் கணக்கு சரியாக இருக்கிறது என்று நம்பலாம்.

ஒரு எச்சரிக்கை. சுற்றின் நேரத்தைக் குறைத்து வைத்து ஆடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே குலைந்துவிடும். செலவழிக்க நேரம் சுருங்கிவிடுகிறது. இடைவேளையில் மீள்வது மட்டும் அப்படியே இருக்கிறது. பொறுமை இருந்தால் மூன்று நிமிடம் வையுங்கள்.

கேள்வி: வயிற்றில் எவ்வளவு அடித்தாலும் பலன் உடனே தெரிவதில்லை. தலையையே குறிவைப்பது நல்லதல்லவா?

வயிற்றில் அடிப்பது சேமிப்பு. ஆறாவது சுற்றுக்குப் பிறகு எதிராளி துள்ளுவதை விட்டு நடக்கத் தொடங்கும்போது அது கைக்கு வரும். இரண்டு கேம்களும் இதை ஓரளவு நேர்மையாகவே செய்கின்றன.

கோட்டைவிடுவது கல்லீரல் அடியில். கல்லீரல் வலப்பக்க விலாவை ஒட்டி இருப்பதால், இடக்காலை முன்வைத்து நிற்பவரின் இடது ஹூக்குக்கு அது வாகாகக் கிடைக்கிறது. அடி விழுந்தவுடன் பல நேரம் ஆள் விழுவதில்லை. ஒரு கணம் ஒன்றும் நடக்காததைப் போல நிற்பார். அதற்குப் பிறகுதான் முகம் சுருங்கும், முழங்கால் மடியும். மூளை தெளிவாக இருக்கும், உடம்பு எழ மறுக்கும். 2004 செப்டம்பரில் பெர்னார்ட் ஹாப்கின்ஸின் இடது கை ஒன்பதாவது சுற்றில் ஆஸ்கர் டி லா ஹோயாவைத் தரையில் உட்காரவைத்தது இந்த இடத்தில் பட்டுத்தான். பத்து எண்ணி முடிப்பதற்குள் அவரால் எழ முடியவில்லை. நான் ஆடிய கேம்களில் அந்த ஒரு கணத் தாமதம் எங்குமே சரியாக வரவில்லை. ஒன்று, உடனே சரிந்துவிடுகிறார்கள். இல்லை, திரையில் தெம்பைக் காட்டும் தெம்புக் கோடு கொஞ்சம் குறைவதோடு சரி.

கேள்வி: இந்த வகை கேம்களின் ஆகப் பெரிய குறை எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

கிளிஞ்ச். சந்தேகமே இல்லை.

அடிபட்டவர் எதிராளியைக் கட்டிப்பிடித்து நேரம் கடத்துவது நிஜ ஆட்டத்தில் தனிக் கலை. தலையை எதிராளியின் தோளில் அழுத்திக் களைப்பூட்டுவது, ஒரு கையை விடுவித்து விலாவில் குத்துவது, நடுவர் பிரிக்கும் கணத்தில் யார் முதலில் சுதாரிப்பது என்று அதற்குள் ஆயிரம் இருக்கிறது. கேம்களில் ஒரு பொத்தான், இரண்டு பொம்மைகள் ஒட்டிக்கொள்ளும், பிரியும், அவ்வளவுதான். உள்ளே நுழைந்து நெருக்கத்தில் சண்டையிடும் வீரர்கள் எல்லோரும் இதனால் பாதி ஆளாகிவிடுகிறார்கள்.

கேள்வி: கணினி எதிராளிகள் எல்லோரும் ஒரே மாதிரி ஆடுகிறார்களே?

கடின நிலையை ஏற்றினால் அவர்களுக்கு அறிவு கூடுவதில்லை, அனிச்சைதான் கூடுகிறது. நீங்கள் பொத்தானை அழுத்திய உடனேயே தலை சாய்ந்துவிடுகிறது. அவர்களிடம் இல்லாதது பயம். இரண்டு முறை வலது கைக் குத்து வாங்கியவர் மூன்றாவது முறை அதே பக்கம் நகரத் தயங்கவேண்டும், இவர்கள் தயங்குவதில்லை. ஃபைட் நைட் சாம்பியனின் கதைப் பகுதியில் கடைசி எதிராளியான ஐசக் ஃப்ராஸ்ட் ஒரு நல்ல விதிவிலக்கு. முதலில் தப்பிப் பிழைக்கவேண்டும், பிறகு உடம்பில் அடித்துக் களைக்கவைக்கவேண்டும், கடைசியில்தான் தலை. ஆனால் அது கதாசிரியர் எழுதிய சண்டை, எதிராளி யோசித்து ஆடியது அல்ல.

கேள்வி: அதிகம் குத்தியும் புள்ளிகளில் தோற்றேன். நடுவர்கள் ஏமாற்றுகிறார்களா?

சுற்றுச் சுற்றாகத்தான் கணக்கு. வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பொதுவாக 9. ஒரு முறை விழுந்தால் வழக்கமாக 8. இரண்டு சுற்றுகளில் எதிராளியைப் புரட்டியெடுத்து, ஏழு சுற்றுகளை நூலிழையில் விட்டால் மொத்தக் குத்துகளில் நீங்கள் முந்தியிருந்தாலும் தோல்விதான். இதில் கேம் சரி.

கேள்வி: எனக்குப் பிடித்த வீரர் ஏன் இல்லை? யூஎஃப்சி (கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டை நிறுவனம்) கேம்களில் எல்லோரும் இருக்கிறார்களே?

அங்கே ஒரே நிறுவனத்தோடு பேசினால் ஏறக்குறைய முழுப் பட்டியலும் கிடைத்துவிடும். குத்துச்சண்டைக்கு அப்படி ஒரு தலைமை இல்லை. ஒவ்வொரு வீரரிடமும், மறைந்தவர் என்றால் உரிமை வைத்திருப்பவரிடமும், தனித்தனியாகக் கையெழுத்து வாங்கவேண்டும். அன்டிஸ்பியூட்டட் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை, அதிலும் கேட்டி டெய்லர் போன்ற வீராங்கனைகளையும் சேர்த்து, கொண்டுவந்தது உண்மையிலேயே பெரிய வேலை.

கேள்வி: ஆன்லைனில் ஆடலாமா?

நண்பரோடு ஆடுங்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஆடினால், பின்னால் சாய்ந்து ஒரே பலத்த குத்தைத் திரும்பத் திரும்பப் போடுபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். இணைப்பில் சிறிய தாமதம் வந்தாலும் ஜாபைப் பார்த்துத் தட்டிவிடுவது இயலாத காரியம்.

கேள்வி: தலையில் மாட்டி ஆடும் விஆர் கேம்கள்தானே உண்மையான நிஜம்?

உடற்பயிற்சிக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. 2016-இல் வந்த த த்ரில் ஆஃப் த ஃபைட் இரண்டு சுற்றுகளிலேயே மூச்சு வாங்கவைக்கும். தெம்புக் கோடு தேவையே இல்லை, நெஞ்சே சொல்லிவிடும். தூரத்தைக் கண் தானாகக் கற்றுக்கொள்வதும் அங்கேதான். ஆனால் குத்து பட்டால் கைக்கு எதிர்ப்பு கிடைப்பதில்லை. அறையின் சுவர்தான் உங்கள் கயிறு. ஜன்னல் அருகே ஹூக் போடவேண்டாம்.

கேள்வி: என்னிடம் கணினி மட்டும்தான் இருக்கிறது. எதை வாங்க?

அன்டிஸ்பியூட்டட்தான், ஃபைட் நைட் சாம்பியன் கணினிக்கு வரவே இல்லை. விசைப்பலகையோடு மல்லுக்கட்டாமல் ஒரு கன்ட்ரோலர் வாங்கிக்கொள்ளுங்கள். வாழ்க்கைப் பயணப் பகுதியில் (ஒரு வீரரைத் தொடக்கத்திலிருந்து மேலே கொண்டுவரும் ‘கேரியர்’ பகுதி) பயிற்சி பெரும்பாலும் பட்டியலில் தேர்ந்தெடுப்பதுதான் என்பதால் அது சீக்கிரம் சலித்துவிடும். தனி ஆட்டங்களில் தொடங்கி, உயரமான, நீண்ட கைகள் கொண்ட ஒரு வீரரை எடுத்து, குத்துவதற்கு முன் நகரப் பழகுங்கள்.