கையால் செய்யும் மைக் ப்ரீஆம்ப்

கேள்வி: டைனமிக் மைக்கை லேப்டாப்பில் செருகினால் குரல் மெலிதாகக் கேட்கிறது. செலவில்லாமல் நானே ப்ரீஆம்ப் (மைக்கின் மெலிந்த சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். அந்த மைக் தருவதே சில மில்லிவோல்ட்தான், அதை நூறு மடங்கு உயர்த்தினால் போதும். டிஎல்072 என்ற ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும்) ஐசி ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, ஃபீட்பேக்கில், அதாவது அவுட்புட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு, 100கே (கிலோ ஓம்), அந்த மைனஸ் இன்புட்டிலிருந்து கீழே கிரவுண்டுக்கு 1கே ரெசிஸ்டர். சுமார் 40 டெசிபல், அதாவது அந்த நூறு மடங்கு, கிடைக்கும். ஒற்றை பேட்டரி என்பதால் இரண்டு 10கே வைத்து 4.5 வோல்ட் பிரித்து, 100கே வழியாக ப்ளஸ் இன்புட்டுக்குக் கொடுங்கள், மைக்கை அங்கே கப்பாசிட்டர் வழியாக இணையுங்கள், அவுட்புட்டிலும் ஒன்று வேண்டும். அப்புறம் அந்த 1கே-வோடு வரிசையில் 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் போட மறக்கவே மறக்காதீர்கள், பலர் தவறுவது இங்கேதான், இல்லாவிட்டால் அந்த 4.5 வோல்ட்டும் சேர்ந்து பெருகி அவுட்புட் ஒரேயடியாக மேலே, பேட்டரி வோல்டேஜ் பக்கம், ஒட்டிக்கொள்ளும். உர்ரென்று வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் தகரப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கிரவுண்டோடு சேருங்கள்.