மேற்கு ஆப்பிரிக்காவில் வக்கீலாக இருந்து அரசியலுக்கு வந்தவர்களில் உங்களை அதிகம் பாதித்தவர் யார்?

கானாவின் ஜே. பி. டான்குவா. அந்நாட்டின் முதல் அதிபர் நக்ருமா பெயர் தெரிந்த அளவுக்கு நம்மில் பலருக்கு இவரைத் தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

லண்டனில் தத்துவமும் சட்டமும் படித்து 1927ல் ஊர் திரும்பியவர். வக்கீல் தொழிலோடு நாளிதழும் நடத்தினார். 1947ல் சால்ட்பாண்டில் தொடங்கிய கட்சிக்குப் பொதுச் செயலாளராக லண்டனிலிருந்து நக்ருமாவை வரவழைத்தவர்களில் இவரும் ஒருவர். இரண்டே ஆண்டில் நக்ருமா தனிக்கட்சி கண்டார், கூட்டமும் அவர் பின்னால் போனது. டான்குவா மக்களைக் கட்டி இழுக்கிற பேச்சாளர் இல்லை. 1960 அதிபர் தேர்தலில் நக்ருமாவை எதிர்த்து நின்று வாங்கியது சுமார் பதினொரு சதவீதம்தான்.

ஆனால் நான் அவரை மதிப்பது 1961ல் வாதாடிய ஒரு வழக்குக்காக. 1958ல் வந்த தடுப்புக் காவல் சட்டப்படி, விசாரணையே இல்லாமல் ஒருவரை ஐந்தாண்டு வரை உள்ளே வைக்கலாம். கானாவுக்குள் இருக்கும் பாரம்பரிய அசாந்தி அரசின் அவையைச் சேர்ந்த பஃபூர் ஓசெய் அக்கோட்டோவையும் இன்னும் ஏழு பேரையும் அப்படிப் பிடித்துப் போட்டார்கள். அவர்களுக்காக ஆட்கொணர்வு மனுவோடு உச்ச நீதிமன்றம் வரை போனார் டான்குவா. பதவியேற்கும்போது தனிமனித சுதந்திரத்தைக் காப்பேன் என்று அதிபர் உறுதி கூற வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு; அதற்கு விரோதமான சட்டம் எப்படிச் செல்லும் என்பது அவர் வாதம். தலைமை நீதிபதி கோர்சாவின் அமர்வு ஏற்கவில்லை. அது முடிசூட்டு விழா உறுதிமொழி மாதிரி, மீறினால் மக்கள் வாக்குப்பெட்டியில் பார்த்துக்கொள்ளட்டும், நீதிமன்றத்துக்கு வேலையில்லை என்றது தீர்ப்பு.

தீர்ப்பு வந்து சில வாரங்களில், அக்டோபரில், அதே சட்டத்தில் டான்குவாவே கைதானார். 1962ல் விட்டார்கள். 1964 ஜனவரியில் நக்ருமாவை ஒரு காவலர் சுட முயன்றார். நக்ருமாவின் உயிருக்கு ஆபத்து இருந்தது உண்மை, அதை மறுக்க முடியாது. ஆனால் அதற்காக டான்குவாவை மறுபடி பிடித்தவர்கள் எந்த விசாரணையும் நடத்தவில்லை. அந்த ஆண்டே கானா ஒருகட்சி நாடானது. நீதிபதிகள் கைகாட்டிய வாக்குப்பெட்டியும் போயிற்று. 1965 பிப்ரவரி 4, நசாவம் சிறையில் இறந்தார். வயது 69.

இன்றைய கானாவின் 1992 அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளுக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. மீறினால் 33ஆவது பிரிவின்படி நேரே உயர் நீதிமன்றம் போகலாம். டான்குவா அன்று கேட்டது இதைத்தான்.