மேற்கோள் கணக்கு யாருக்கு என்ன சொல்கிறது?

கேள்வி: ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒரு விஞ்ஞானிக்கு ஒரு சைட்டேஷன் எண்ணிக்கை (அவர் கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தில் அதைவிடக் குறைவு. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்கள், மாநாட்டுத் தொகுப்புகள், நூல்களுக்குள் மட்டும் எண்ணும். ஸ்காலர் இணையத்தில் கிடைக்கும் ஆய்வேடு, அச்சேறாத வரைவு வரை சேர்த்துக்கொள்ளும். இரு விஞ்ஞானிகளை ஒப்பிடும்போது ஒரே தளத்தைப் பாருங்கள். அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரை பட்டியலில் புகுந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எச்-இன்டெக்ஸ் 20 உள்ளவர், 10 உள்ளவரைவிடப் பெரிய விஞ்ஞானியா?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்த கணக்கு இது: எச் 20 என்றால், குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் அவருக்கு 20 இருக்கின்றன. ஒருவரின் ஆறு கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள்கள் 50, 18, 9, 6, 5, 2 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவதற்கு 5 இருக்கிறது, ஆறாவதற்கு 6 இல்லை. ஆகவே எச் 5. முதல் கட்டுரைக்கு 50 போய் 5,000 வந்தாலும் அதே 5தான்! ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவர் இதில் அடிபட்டுப் போவார். துறையும் முக்கியம்: கணிதக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல் பொதுவாகச் சிறியது, உயிர்மருத்துவத்தில் நீளம்.

வேறு துறைக்காரர் நிறைந்த தேர்வுக் குழு, கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்ள வழியில்லாமல் எண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதே துறைக்காரரோ, மேற்கோள் எந்த இடத்தில் வந்தது என்று பார்ப்பார். முன்னுரையில் ஏழெட்டுப் பெயர்களோடு கும்பலாக வந்ததா, செய்முறையில் 'இந்த முறையைப் பின்பற்றினோம்' என்று வந்ததா, மறுப்பதற்காக வந்ததா? தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998 கட்டுரை 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கும் மேற்கோள்கள் ஏராளம், பெரும்பாலும் மறுப்பவை. மாறாக, புரதத்தின் அளவைக் கண்டறிய ஆலிவர் லௌரி குழு 1951-ல் எழுதிய கட்டுரைக்கு 3 லட்சத்துக்கும் மேல். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அவர் பெயரை யார் கேட்டிருக்கிறார்கள்?

சந்தேகம் வந்தால், மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் புதியவை பத்தைத் திறந்து, மேற்கோள் வரும் வாக்கியங்களை மட்டும் படியுங்கள். அந்தப் பத்தில் எத்தனை அதே விஞ்ஞானியே எழுதியவை என்றும் எண்ணுங்கள்.

கேள்வி: ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) லட்சக்கணக்கானோர் பின்தொடரும் விஞ்ஞானிக்கு மேற்கோள் குறைவாக இருந்தால்?

பதில்: மரபணுவியலாளர் நீல் ஹால் 2014-ல் இதற்கென்றே, பாதி கேலியாக, அமெரிக்கப் பிரபலம் கிம் கர்தாஷியனின் பெயரில் 'கர்தாஷியன் இன்டெக்ஸ்' என்று ஒன்றை வகுத்தார். மேற்கோள்களை வைத்துப் பார்த்தால் எத்தனை பேர் பின்தொடர வேண்டுமோ, அந்த எண்ணால் உண்மையில் பின்தொடர்வோரை வகுக்க வேண்டும். 5-க்கு மேல் போனால் புகழ் ஆய்வை முந்திவிட்டதாம். சிரித்துவிட்டு விட்டுவிடலாம். பொதுமக்களுக்குப் புரியும்படி எழுதுவது தனி வேலை. அதை எந்த மேற்கோள் பட்டியலும் எண்ணுவதில்லை.