ஐ2சி, மோட்பஸ் கையேட்டில் மாஸ்டர்–ஸ்லேவ் சொற்களை மாற்றுவது பற்றி

வணக்கம். உங்கள் கையேட்டில், கருவிகள் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறைகளான ஐ2சி, மோட்பஸ் இரண்டும் இருக்கின்றன. மாஸ்டர்–ஸ்லேவ் என்று வரும் இடமெல்லாம் ஒரே வீச்சில் கன்ட்ரோலர்–டார்கெட் என்று மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த ஜோடி ஐ2சிக்கு உரியது. சிப் நிறுவனமான என்எக்ஸ்பி 2021இல் வெளியிட்ட ஐ2சி விவரக்குறிப்பின் (யூஎம்10204) ஏழாம் திருத்தத்தில் வருவது அதுதான். மோட்பஸைப் பராமரிக்கும் அமைப்பு 2020இல் தேர்ந்தெடுத்ததோ கிளையன்ட்–சர்வர்.

இதைத் தலைகீழாக எழுதிவிடுவது ரொம்ப எளிது. பெரிய கருவிதான் சர்வர் என்று மனம் தானாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் மோட்பஸில் கேள்வி கேட்கும் பிஎல்சிதான் (தொழிற்சாலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி) கிளையன்ட். பதில் சொல்லும் மீட்டரும் சென்சாரும் சர்வர். ஆகவே "ஸ்லேவ் முகவரி 1 முதல் 247 வரை" என்ற வரி "சர்வர் முகவரி 1 முதல் 247 வரை" என்று ஆகும். வரைபடங்களில் உள்ள எழுத்துகளையும் பாருங்கள், தேடி மாற்றும் வசதிக்கு அவை சிக்காது.

ரெஜிஸ்டர் பெயர்கள், ஹெடர் கோப்பின் மாறிலிகள் ஆகியவற்றை நிரலில் மாறும்வரை தொட வேண்டாம். கையேட்டில் மட்டும் மாற்றினால், அதைப் பார்த்து நிரல் எழுதுபவருக்குக் கம்பைல் ஆகாது. சொல் விளக்கப் பகுதியில் பழைய பெயரையும் ஒருமுறை கொடுத்துவிடுங்கள். பழைய டேட்டாஷீட்டோடு ஒப்பிடுபவருக்கு அது கட்டாயம் வேண்டும்.