தெலுக் செனாங்கின் முகாம் – கடிதம்

வணக்கம் ஐயா,

மலேசியாவில், பேராக்கின் ஆயர் தாவாரைச் சுற்றியுள்ள தோட்டத்துப் பிள்ளைகளை அடுத்த பள்ளி விடுமுறையில் தெலுக் செனாங்கின் கடற்கரைக்குக் கூட்டிப்போய், இரண்டு இரவு கூடாரத்தில் தங்கவைக்கலாம் என்று எங்கள் இளைஞர் குழு முடிவு செய்திருக்கிறது. கடலோர நடை, பறவை, ஆமை பார்ப்பது என்று திட்டம். நிகழ்ச்சி நிரலை இணைத்திருக்கிறேன். "தோட்டத்துல பாக்காத பாம்பா, குரங்கா? இதுக்குக் காசு குடுத்து மண்ணுல படுக்கணுமா?" என்று ஒரு பெரியவர் கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது? நிரலில் எதையாவது மாற்ற வேண்டுமா?

ஒரு வாசகர், ஆயர் தாவார்

அன்புள்ள தம்பி,

பெரியவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்துக்குள் வளர்ந்த பிள்ளைக்கு நாகமும் காட்டுப்பன்றியும் புதிதல்ல. எலி பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருப்பதும் தெரியும். ஆனால் கடல் பக்கத்திலேயே இருந்தும் தெரியாது. மாசி மகத்துக்குப் பங்கோர் தீவுக்குப் போய், பத்திரகாளியம்மனைக் கும்பிட்டு, காலை நனைத்துவிட்டு வருவதோடு சரி.

என் கவலை பெரியவர் அல்ல, உங்கள் நிரல். காலை எட்டு மணிக்குத் தன்முனைப்பு உரை, பதினொன்றுக்கு இன்னொரு உரை, இரவில் தீ மூட்டி கரோக்கே. இதையெல்லாம் சித்தியவானில் ஒரு மண்டபம் எடுத்தே செய்துவிடலாம். காற்றாடியாவது இருக்கும்.

கடற்கரையில் நேரத்தை வைப்பது கடல்தான். அங்கே நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறி வடியும், அந்த நேரமும் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முதலில் நீரேற்ற அட்டவணையை எடுத்துக்கொண்டு, அப்புறம் நிரலை எழுதுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் மிக மேலே ஏறும், மிகக் கீழே வடியும். தேதி குறிக்க வீட்டு நாட்காட்டியே போதும். கூடாரத்தை, பழைய பாசியும் குப்பையும் ஒதுங்கிய கோட்டுக்கு மேலே போடச் சொல்லுங்கள்.

தண்ணீர் வடிந்ததும் நடக்கப் போங்கள். ஈர மணலில் மிளகளவு உருண்டைகள் ஒரு வளையைச் சுற்றிக் கதிர் கதிராகக் கிடக்கும். சின்ன நண்டின் வேலை அது. மணலை வாயில் அள்ளி, ஒட்டியிருக்கும் உணவை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தை உருட்டிப் போட்டுவிட்டுப் போகும். காலடி அதிர்ந்தால் அத்தனையும் உள்ளே ஓடிவிடும். அசையாமல் குந்தியிருந்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். அடுத்த ஏற்றத்தில் உருண்டைகள் கரைந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். பதினொரு மணி உரைக்குப் பதில் இதை வைக்கலாம்.

ஆமை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பக்கத்தில் செகாரியில் மீன்வளத் துறையின் ஆமை மையம் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுவிட்டுப் பகலில் அங்கே கூட்டிப்போங்கள். பச்சை ஆமை ஒரு தடவைக்குச் சுமார் 100 முட்டை இடும். மணலின் சூடு கூடினால் குஞ்சுகளில் பெண் அதிகம். இரவில் கரையேறும் ஆமை வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி அந்தப் பக்கம் போகும். ஆகவே தீயும் வேண்டாம், கரோக்கேயும் வேண்டாம். அந்தப் பெரியவரையும் கூட்டிப்போங்கள். சின்ன வயதில் சந்தையில் ஆமை முட்டை வாங்கித் தின்ற தலைமுறையாக இருப்பார், பிள்ளைகளுக்கு அவர் சொல்லக் கேட்பது நல்லது. திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரைக்குத் தோல்முதுகு ஆமை அநேகமாக வராமலே போனபின், 2022இல்தான் அந்த மாநிலம் எல்லா ஆமை முட்டை விற்பனையையும் தடை செய்தது.

பங்கோர் தெலுக் நிப்பாவில் இருவாச்சிப் பறவை சுலபமாகத் தெரியும், சாயங்காலம் சிலர் பழம் வீசுவதால். நீங்கள் வீச வேண்டாம். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னையே அடைத்துக்கொண்டு குஞ்சு பொரிக்கும், ஆண் ஒரு கீறல் வழியாக ஊட்டும் என்பதைச் சொல்லுங்கள், பிள்ளைகள் மரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியும் முன் சுமத்ரா காற்று, அதாவது சுமத்ரா பக்கமிருந்து வரும் பலத்த காற்று, திடீரென்று அடிக்கும். கூடார ஆணியை ஆழமாக அடியுங்கள், தென்னைக்கு அடியில் படுக்காதீர்கள். சாப்பாட்டைப் பூட்டி வையுங்கள், குரங்குக்கு ஜிப் திறக்கத் தெரியும்.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு உரை எதுவும் வேண்டாம். இரண்டு தாய்மார்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கழிவறை எங்கே, இரவில் எப்படிப் போய்வருவது என்று நீங்களே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். பேருந்துக்குக் காசு குறைந்தால் எழுதுங்கள்.